ஒரு சொல்லின் ஓட்டம்

(சங்க ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய கூட்டத்திலே பயனுள்ள ஒரு பொருள் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பெரிய பொருள் எதனையும் எடுத்துக்கொள்ள எமக்குத் துணிவு வரவில்லை. ஆதலால் மிகச் சிறிய பொருள் ஒன்றையே தெரிந்துகொண்டோம். அஃது ஆங்கிலத்திலே மூன்றே எழுத்தாலான ஒரு சொல். இங்கே முன்வரிசையிலே இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அதனை அறியும். வானொலியிலே கிரிக்கெட் வருணனை கேட்கும் பாட்டனாரும் அதனை அறிவார். 'ரன்' என்பதே அச்சொல்.

'ரன்' என்றால் என்ன என்று இச்சபையிலே கேட்டால், 'ஓடு' என்று எல்லீரும் ஒரே குரலில் விடை சொல்வீர்கள். விடை சரியானதே. நாமும் பல ஆண்டுகளாக வகுப்பறையிலே அப்படித்தான் சொல்லிக் கொடுத்துவந்தோம். அந்த ஒரு விடையோடு நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை, ஒரு தாயார் எம்மிடம் கொண்டுவந்த கடிதம் எமக்குக் கற்பித்தது. அந்தக் கடிதத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம். முதலிலே சொல்லைப் பார்ப்போம்.

ஆங்கில மொழியின் பேரகராதி என்று உலகம் மதிப்பது ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியாகும். இலண்டனிலிருந்த மொழியியற் கழகத்தார் 1857ஆம் ஆண்டிலே அதற்கு வித்திட்டனர். 1879இலே ஜேம்ஸ் மறே என்னும் ஸ்கொத்லாந்து நாட்டுப் பள்ளியாசிரியர் அதன் பதிப்பாசிரியராக அமர்ந்தார். அவர் தோட்டத்திலே தகரக் கொட்டகை ஒன்று அமைத்து, அதன் சுவர்களெல்லாம் சிறு சிறு அறைகள் கொண்ட தட்டுகளை அடித்து வைத்தார். பல நாடுகளிலுமிருந்து நூல் வாசிப்போர் துண்டுக் கடதாசிகளிலே சொற்களையும், அவை வந்த வாக்கியங்களையும் எழுதி அனுப்பினர். அத்துண்டுகளை அடுக்கியே அகராதி கட்டப்பட்டது. முதற் பகுதி 1884இல் வெளிவந்தது. இறுதிப் பகுதி 1928இல் வெளிவந்தது. மறே 1915இலேயே காலமானார். தாம் தொடங்கிய பணி முடிந்ததைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இளைஞர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த அகராதிகாரர், "இந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள்" என்று தம் மனத்திலிருந்து எடுத்து விதிக்கவில்லை. மக்கள் அச்சொல்லை எந்த எந்த இடத்திலே எப்படி எப்படி வழங்கினர் என்று துண்டு துண்டாகச் சேர்த்து, வழக்கைப் பார்த்த பின்னரே பொருளை வகுத்தனர். வழக்கு முதலில், அகராதி பின்னே. இதனை நினைவில் வைத்துக்கொண்டால், இனி நாம் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

நெடுங்காலமாக அந்த அகராதியிலே மிக நீண்ட இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது 'செட்' என்னும் மற்றொரு சின்னஞ்சிறு சொல். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பிலே அதற்கு ஏறத்தாழ 430 பொருள்கள் வகுத்திருந்தனர். அதனை விளக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்கள் சென்றன. பின்னர் அகராதியைப் புதுக்கும் வேலை நடந்தபோது, 'ரன்' அதனை முந்திவிட்டது. பீற்றர் கில்லிவர் என்னும் அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் போராடி, வினைச்சொல்லாக வரும்போது மட்டும் அதற்கு 645 பொருள்கள் உண்டு என்று வகுத்தார். 2011ஆம் ஆண்டிலே இச்செய்தி பத்திரிகைகளிலும் பேசப்பட்டது. நாளுக்கு ஒரு பொருளாக மனனஞ் செய்தாலும், முடிப்பதற்கு ஒன்றே முக்கால் ஆண்டு செல்லும்!

இதைக் கேட்டு ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் அஞ்ச வேண்டுவதில்லை. 645 பொருளும் 645 தனி மரங்கள் அல்ல; ஒரே ஆலமரத்தின் விழுதுகள். அடிமரம் எது? கால்களை விரைந்து வைத்து முன்னே செல்லுதல். அதனைப் பிடித்துக்கொண்டால் விழுதுகள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கலாம்.

முதல் விழுது நீர். காலில்லாத ஆறும் ஓடுகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடுகிறது. தடிமன் பிடித்தால் மூக்கு ஓடுகிறது. இந்த மட்டும் ஆங்கிலமும் தமிழும் ஒன்றாகவே போகின்றன. புதுத் துணியைத் தோய்க்கும்போது சாயம் இளகினால், அதனையும் ஆங்கிலேயர் 'ரன்' என்கின்றனர்.

அடுத்த விழுது அசையாப் பொருள். ஒரு வீதி இந்த ஊரிலிருந்து அந்த ஊர்வரை 'ஓடுகிறது' என்பது ஆங்கில வழக்கு. வீதியா ஓடுகிறது? இல்லை, அதன் வழியே எமது கண்தான் ஓடுகிறது. "சுவரிலே வெடிப்பு ஓடியிருக்கிறது" என்று நாமும் சொல்கிறோமல்லவா?

மூன்றாவது விழுது காலம். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு 'ஓடும்' என்றால், ஐந்து ஆண்டு செல்லுபடியாகும் என்பது கருத்து. நாடகமும் ஓடும். அகதா கிறிஸ்டி எழுதிய 'எலிப்பொறி' என்னும் நாடகம் 1952இல் இலண்டனிலே தொடங்கி, 2020இல் கொள்ளைநோய் வந்து அரங்கை மூடும்வரை இடைவிடாது ஓடிற்று. 2021இல் மீண்டும் தொடங்கியது. "படம் நூறு நாள் ஓடியது" என்று நாம் சொல்லுவதும் இதுவே.

நாலாவது விழுதுதான் பருத்தது. அஃது இயந்திரம். தோட்டக் கிணற்றடியிலே நீரிறைக்கும் இயந்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆயினும் அது வேலை செய்யும்போது 'ஓடுகிறது' என்பதே ஆங்கிலம். மணிக்கூடு ஓடுகிறது, தொழிற்சாலை ஓடுகிறது, இன்று கணினிக்குள்ளே இருக்கும் நிரலும் ஓடுகிறது. 'செட்' என்னும் சொல்லை 'ரன்' முந்தியதற்கு இதுவே காரணம் என்று சிலர் கருதுகின்றனர். நீராவி இயந்திரமும், புகையிரதமும், மோட்டாரும், மின்சாரமும், கணினியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் வந்தபோது, அது 'வேலை செய்கிறது' என்பதைச் சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது. மக்கள் புதுச் சொல்லைத் தேடிப் போகவில்லை. கைக்கு எட்டிய இடத்தில் கிடந்த பழைய சொல்லையே எடுத்துக்கொண்டனர். அடுப்படியிலே அகப்பைக் காம்பே பல வேலைக்கும் உதவுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புகையிரதத்தைச் சொன்னோம். இங்கே பெரியோர்கள் நெஞ்சிலே தைக்கக்கூடிய ஒரு பொருள் வேறுபாடு உண்டு. "புகையிரதம் ஓடுகிறது" என்றால், இப்பொழுது தண்டவாளத்தின்மீது விரைந்து செல்கிறது என்பது ஒரு பொருள். நாள்தோறும் சேவை நடக்கிறது என்பது மற்றொரு பொருள். இரண்டாவது பொருளிலே, இரவு பதினொரு மணிக்கு நிலையத்திலே உறங்கிக் கிடக்கும் வண்டியும் 'ஓடுகிற' வண்டியே. 1956இலே தொடங்கிய யாழ்தேவி, 1990இலே வடக்கே ஓடாமல் நின்றது. தண்டவாளமும் போயிற்று, சிலிப்பர்க் கட்டையும் போயிற்று. 2014 ஒக்டோபரிலே யாழ்ப்பாண நிலையத்துக்கு மீண்டும் புகையிரதம் வந்தபோது, வீதியோரம் நின்று பார்த்த முதியவர்கள் ஒருவரையொருவர் நோக்கி, "றெயில் ஓடுது" என்றார்கள். அவர்கள் சொன்னது வேகத்தையா? வாழ்வு திரும்பியதை அன்றோ சொன்னார்கள்! அகராதியிலே ஓர் எண்ணாக நிற்கும் பொருள், இருபத்து நாலு ஆண்டு காத்திருந்தவன் வாயிலே எத்துணைப் பாரமுடையதாகிறது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

இயந்திரத்தை ஓட்டுவதிலிருந்து, நிறுவனத்தை ஓட்டுவது கிளைத்தது. ஆங்கிலேயர் கடையை 'ரன்' பண்ணுகின்றனர், பள்ளிக்கூடத்தை 'ரன்' பண்ணுகின்றனர், நாட்டையும் அப்படியே. நாமோ கடையை நடத்துகிறோம், பாடசாலையை நடத்துகிறோம், விழாவை நடத்துகிறோம், கலியாணமும் நடக்கிறது. அவர்கள் ஓடச் செய்வதை நாம் நடக்கச் செய்கிறோம்! ஆங்கிலத்திலே 'ரன்' சுமக்கும் பாரத்தில் ஒரு பங்கைத் தமிழிலே 'நட' என்னும் சொல் சுமக்கின்றது. ஆதலால் 'ரன்' வருமிடமெல்லாம் 'ஓடு' என்று வைத்தால், "இவருடைய தகப்பனார் ஒரு கடையை ஓடுகிறார்" என்று எழுதவேண்டி வரும். வகுப்பிலே ஒரு பிள்ளை அவ்வாறு எழுதியதை நாம் கண்டிருக்கிறோம். சிரித்தோம். சிரித்தது பிழை என்பது பின்னர்த்தான் தெரிந்தது.

தேர்தலிலும் இச்சொல் உண்டு. அமெரிக்காவிலே ஒருவர் தேர்தலுக்கு 'ஓடுகிறார்' என்பது வழக்கு. பிரித்தானியாவிலே 'நிற்கிறார்' என்பது வழக்கு. "இன்னார் தேர்தலிலே நிற்கிறார்" என்று நாமும் சொல்கிறோம். ஓரிடத்தில் ஓடி வாக்குக் கேட்கிறார். ஓரிடத்தில் நின்று வாக்குக் கேட்கிறார். வென்றபின் எல்லாரும் ஒரே மாதிரி அமர்ந்துவிடுகின்றனர்!

கிரிக்கெட்டுக்கு வருவோம். ஆதியிலே இவ்விளையாட்டில் எண்ணிக்கையைக் கத்தியால் ஒரு தடியிலே வெட்டிக் குறிப்பார்கள். அதனால் ஓட்டத்துக்கு 'வெட்டு' என்ற பொருளுடைய சொல்லே பதினெட்டாம் நூற்றாண்டிலே வழங்கியது. பின்னர் 'ரன்' வந்தது. துடுப்பாட்டக்காரர் இருவரும் உண்மையாகவே ஓடியதனால் வந்த பெயர். இன்றோ பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் நாலு ஓட்டம். நிலத்தில் படாமல் தாண்டினால் ஆறு ஓட்டம். ஆடுபவர் ஓர் அடியும் எடுத்து வைக்கவேண்டுவதில்லை. ஓடாமலே ஓட்டம்! சொல் பிறந்த காரணம் போய்விட்டது, சொல் இருக்கிறது.

இன்னும் வியப்பு வங்கியிலே உண்டு. வங்கி முறிந்துவிடும் என்ற அச்சத்தால், பணம் வைத்தவர்கள் எல்லாரும் ஒரே வேளையில் பணத்தை மீட்கப் புகுந்தால், அதற்கும் 'ரன்' என்று பெயர். 2007 செப்டெம்பரிலே இங்கிலாந்திலே நோதர்ன் றொக் என்னும் வங்கிக்கு அந்நிலை வந்தது. அன்று மக்கள் ஓடவில்லை. வங்கி வாசலிலே நீண்ட வரிசையிலே நின்றார்கள். 2023 மார்ச்சிலே அமெரிக்காவிலே சிலிக்கன் வலி வங்கிக்கு அதுவே வந்தது. ஒரே நாளில் 4,200 கோடி டொலரை மீட்கக் கேட்டார்கள். அவர்கள் நிற்கவுமில்லை; பெரும்பாலார் இருந்த இடத்திலிருந்தே கணினியாலும் கைத்தொலைபேசியாலும் கேட்டார்கள். நின்றாலும் 'ரன்', இருந்தாலும் 'ரன்'. இதனை "வங்கியின்மேல் ஓடினார்கள்" என்று மொழிபெயர்த்தால், வாசிப்பவருக்கு என்ன விளங்கும்?

இனி, இச்சொல்லோடு ஒரு சிறு துணைச்சொல் கூடிவிட்டால் பொருள் மீண்டும் கிளைக்கும். 'ரன் அவுட்' என்பது ஆடுகளத்திலே ஒருவன் ஆட்டமிழந்த வகை. வீட்டிலே சீனி முடிந்துபோயிற்று என்பதற்கும் அதுவே. 'ரன் ஓவர்' என்பது வாகனம் ஒருவர்மீது ஏறியது. பாத்திரத்திலே நீர் பொங்கி வழிந்தது. கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிற்று. (இக்கடைசிப் பொருளை இன்று நாம் உங்களுக்குச் செய்துகாட்டாதிருக்க முயல்வோம்.) 'ரன் இன்டு' என்பது மோதுதல், வழியிலே தற்செயலாகச் சந்தித்தல், கடனிலே விழுதல். 'ரன் டவுன்' என்பது ஒருவரைக் குறைத்துப் பேசுதல், மின்கலம் வலுவிழத்தல், உடம்பு தளர்தல். துணைச்சொல்லை விட்டுவிட்டுத் தலைச்சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் பொருள் கைக்கு வராது.

ஏன் இப்படி? எந்தச் சொல் அதிகம் வழங்குகிறதோ அந்தச் சொல்லுக்கே பொருளும் அதிகம் என்பதை, அமெரிக்காவிலே ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலிருந்த சிப் என்னும் அறிஞர் 1945இலே கணக்கிட்டுக் காட்டினார். 'ஒட்சிசன்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள். அதனை யாரும் நாளுக்கு நூறு முறை வழங்குவதில்லை. வா, போ, எடு, வை, ஓடு, நட, நில், விழு என்பனவே நாள்முழுதும் நாவிலே புரள்வன. புரளப் புரளத் தேயாமல் வளர்வது சொல் ஒன்றுதான்.

இஃது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தை என்று எண்ணிவிடாதீர்கள். எமது முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலே, பல பொருள் தரும் ஒரு சொல்லை இரு வகையாகப் பிரித்தார். உடன்வரும் வினையினாலே பொருள் இன்னதென்று தெளியப்படுவது ஒரு வகை. வினை வந்தும் தெளியாமல் நிற்பது மற்றொரு வகை. 'மா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மா பூத்தது என்றால் மரம். மா பாய்ந்தது என்றால் விலங்கு. மா புளித்தது என்றால் அம்மா தோசைக்குக் கரைத்து வைத்த மா. இங்கெல்லாம் வினையே பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால், மா விழுந்தது என்றால்? மரம் விழுந்ததா, விலங்கு விழுந்ததா, மாப் பை விழுந்ததா? வினை இங்கே உதவவில்லை. இத்தகைய இடத்திலே சொல்லுபவன்தான் தெளிவாகச் சொல்லவேண்டும். இந்த இரண்டாவது வகையை மறந்துவிடாதீர்கள். எமது கடிதக் கதைக்கு அதுவே திறவுகோல்.

திவாகரம், சூடாமணி முதலிய நிகண்டுகளிலே பதினோராம் தொகுதி முழுவதும், ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைத் தொகுத்துக் கூறுவதற்கே ஒதுக்கப்பட்டது. எமது பாட்டன்மார் திண்ணைப் பள்ளிக்கூடத்திலே நிகண்டை மனனஞ் செய்தார்கள். நாவலர் பெருமான் 1849இலே சென்னைக்குச் சென்று அச்சிட்டு வெளியிட்ட முதல் நூல்களுள்ளே சூடாமணி நிகண்டும் ஒன்று. அதற்குச் சில ஆண்டு முன்னர், 1842இலே, மானிப்பாய் அகராதி என வழங்கும் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. சொல்லின் பொருளை ஆராய்வது எமது மண்ணுக்குப் புதியதன்று.

ஒரு வேறுபாட்டையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். ஒரு சொல் பல பொருளாகக் கிளைப்பது வேறு. பல சொற்கள் தற்செயலாக ஒரே வடிவில் நிற்பது வேறு. ஆங்கிலத்திலே பந்தடிக்கும் 'பேட்' ஒரு சொல். வௌவாலைக் குறிக்கும் 'பேட்' வேறொரு சொல். அவை உறவினர் அல்லர். ஒரே பெயர் வைத்துக்கொண்ட அயலவர். அவ்வாறே "வண்டி ஓடும்" என்பதிலுள்ள ஓடு ஒன்று. கூரையிலே வேயும் ஓடு மற்றொன்று. 'அவனோடு' என்பதிலே வரும் உருபு பிறிதொன்று. 'ரன்' என்பதன் பொருள்களோ பெரும்பாலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, எமது ஊர்த் தாயார் ஒருவர் ஒரு கடிதத்தைச் சேலைத் தலைப்பிலே முடிந்துகொண்டு எம்மிடம் வந்தார். அவருடைய மகன் வெளிநாடொன்றிலே ஒரு வழக்கிலே அகப்பட்டுவிட்டான். குற்றம் இரண்டு. ஒன்றுக்கு மூன்று ஆண்டு. மற்றதற்கு இரண்டு ஆண்டு. அவனுக்காகத் தோன்றிய சட்டத்தரணி எழுதிய ஆங்கிலக் கடிதம் அது. மூன்று மாதத்துக்கு முன்னரே வந்திருந்தது. அதனை அவர் எமது ஊர் இளைஞன் ஒருவனிடம் கொடுத்து வாசிப்பித்திருந்தார். அவன் நல்ல பிள்ளை, கெட்டிக்காரன். "மூன்று வருசமும் இரண்டு வருசமும் சேர்ந்து ஓடும் அம்மா" என்று அவன் சொல்லியிருந்தான்.

தாயார் விரலை மடித்து எண்ணினார். மூன்றும் இரண்டும் சேர்ந்தால் ஐந்து. ஐந்து வருசம் என்று நெஞ்சிலே எழுதிக்கொண்டார். அப்பொழுது மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசியிருந்தது. தமையன் இல்லாமல் தங்கைக்குக் கலியாணம் செய்ய அவருக்கு மனம் ஒப்பவில்லை. மாப்பிள்ளை வீட்டாரோ இரண்டு மூன்று ஆண்டென்றால் பொறுப்போம் என்றனர். ஐந்து ஆண்டு என்று கேட்டதும் வேறிடத்திலே பேசி முடித்துவிட்டனர்.

எம்மிடம் அவர் வந்தது வேறொரு காரணத்துக்காக. மகனுக்குக் கடிதம் எழுதுவதற்கு முகவரி வேண்டியிருந்தது. முகவரியைத் தேடிக் கடிதத்தை வாசித்தபோது அந்த வரியைக் கண்டோம். 'ரன் கன்கரன்ட்லி' என்றிருந்தது. அதன் பொருள், இரண்டு தண்டனையும் ஒரே காலத்திலே, ஒன்றோடொன்று பக்கம் பக்கமாகச் செல்லும் என்பதே. அஃதாவது மூன்று ஆண்டோடு எல்லாம் முடிந்துவிடும். ஒன்று முடிந்தபின் மற்றது தொடங்கும் என்றால் 'கன்செக்கியூட்டிவ்லி' என்று எழுதியிருப்பார்கள், அப்பொழுதுதான் ஐந்து.

இதைத் தாயாருக்கு விளக்கினோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அந்த இரண்டு வருசம் எங்கை போச்சுது மாஸ்டர்?" என்று கேட்டார்.

"அது அந்த மூன்றுக்குள்ளேயே கழிஞ்சு போயிடும் அம்மா" என்றோம்.

அவருக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. எமக்கும் என்ன சொல்லுவதென்று தெரியவில்லை.

அந்த இளைஞனைக் கண்டபோது விசாரித்தோம். அவன் முகம் வாடிவிட்டது. "நான் பிழையாய்ச் சொல்லேல்லையே சேர், சேர்ந்து ஓடும் எண்டுதானே சொன்னனான்" என்றான். எண்ணிப் பார்த்தால் அவன் சொன்னதிலே ஒரு சொல்லும் பிழையில்லை! அந்த ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், இலத்தீன் மொழியிலே 'கூட ஓடுதல்' என்பதிலிருந்தே அது பிறந்தது. 'ரன்' என்றால் ஓடு. பக்கத்திலுள்ள சொல்லும் சேர்ந்து ஓடுவதே. ஆனால் தமிழிலே 'சேர்ந்து' என்பதற்கு இரண்டு பொருள். இருவர் சேர்ந்து வந்தார்கள் என்றால் ஒரே வேளையில் என்பது பொருள். மூன்றும் இரண்டும் சேர்ந்து ஐந்து என்றால் கூட்டுதல் என்பது பொருள். அவன் முதற்பொருளிலே சொன்னான். தாயார் இரண்டாம் பொருளிலே கேட்டார். மா விழுந்தது என்பதுபோல, வினை வந்தும் பொருள் தெளியாத இடம் அது. தெளிவாகச் சொல்லவேண்டிய கடமை சொல்லுபவனுடையது.

குற்றம் அந்தப் பிள்ளையுடையதா? "ரன் என்றால் ஓடு" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களுள் நாமும் ஒருவர். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எழுதிக் கொடுத்து, அதனை மனனஞ் செய்வித்து, ஒப்புவித்தவனுக்குப் புள்ளி போட்டவர் நாமே. "கடையை ஓடுகிறார்" என்று எழுதிய பிள்ளையைக் கண்டு சிரித்தவரும் நாமே. அன்று சிரிப்பதை விட்டு, "இந்த இடத்திலே தமிழ் என்ன சொல்லும் தம்பி?" என்று கேட்டிருந்தால், இந்த வீட்டிலே ஒரு கலியாணம் நின்றிராது.

ஆதலால் இளைஞர்களாகிய உங்களுக்கு மூன்று காரியம் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, சொல்லைத் தனியே படியாதீர்கள். வாக்கியத்திலே வைத்துப் படியுங்கள். புதுப் பொருள் ஒன்றைக் கண்டால், மறேயின் வாசகர்கள் செய்ததுபோல அந்த வாக்கியத்தையே ஒரு துண்டிலே எழுதி வையுங்கள்.

இரண்டாவது, சொல்லின் கூட்டாளிகளைப் பாருங்கள். ஓடுவது யார்? ஆறா, இயந்திரமா, ஒப்பந்தமா, தண்டனையா? பின்னே வரும் துணைச்சொல் எது? எந்தத் துறையிலே வந்திருக்கிறது? இலண்டன் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராயிருந்த ஃபேர்த் என்பவரும், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறியவேண்டும் என்று 1957இலே வற்புறுத்தினார். எமது இலக்கணம் வினையைப் பார் என்று சொன்னதும் இதற்கு நெருங்கியதே. இன்று கைத்தொலைபேசியே மொழிபெயர்த்துத் தருகிறதே என்று சிலர் கேட்கலாம். தருகிறது; பெரும்பாலும் நன்றாகவே தருகிறது. அதுவும் கோடிக்கணக்கான வாக்கியங்களிலே சொற்களின் கூட்டாளிகளைப் பார்த்துப் பழகியதே. ஆனால் அது தரும் தமிழை அந்தத் தாயார் எந்தப் பொருளிலே கேட்டுக்கொள்வார் என்று அதற்குத் தெரியாது. அது மனிதன் அறியவேண்டியது.

மூன்றாவது, சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கேட்டவருக்கு என்ன விளங்கிற்று என்று திருப்பிக் கேளுங்கள். "எத்தனை வருசம் அம்மா?" என்ற ஒரு கேள்வியை அந்தப் பிள்ளை கேட்டிருந்தால் போதும், அவர் ஐந்து என்று சொல்லியிருப்பார், அவனும் அங்கேயே திருத்தியிருப்பான்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை பிழையாக மொழிபெயர்த்தால் நகையாதீர்கள். நகைக்கப்பட்ட பிள்ளை அடுத்த முறை தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அஞ்சும். தெரிந்ததுபோலச் சொல்லிவிடும். அதனால் வரும் கேடு அந்தப் பிள்ளையோடு நிற்பதில்லை.

எமது ஊரிலே வெளிநாட்டுக் கடிதமோ, வைத்தியசாலைத் துண்டோ, நீதிமன்றக் கட்டளையோ, வங்கிப் பத்திரமோ வராத வீடு சிலவே. அவற்றை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைபவர் பலர். சங்க மண்டபம் சனிக்கிழமை மாலையிலே திறந்துதான் இருக்கிறது. ஒரு மணி நேரம், ஆங்கிலம் தெரிந்த இளைஞர் ஒருவரும் முதியவர் ஒருவருமாக இருவர் அங்கே இருந்தால் போதும். ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபார்க்க, கேட்டவர் தமக்கு விளங்கியதைத் திருப்பிச் சொல்ல, அதன் பின்னரே கடிதத்தை மடித்துக் கொடுக்கலாம். செலவு ஒரு சதமும் இல்லை. ஒரு நல்ல அகராதி மட்டும் வேண்டும்; அதனை நாம் வாங்கித் தருகிறோம். முதல் சனிக்கிழமைக்கு நாமே வருகிறோம். இரண்டாவது ஆளாக அந்த இளைஞன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

மூன்றெழுத்துச் சொல் ஒன்றுக்கு 645 பொருள் கண்டவர் ஒன்பது மாதம் பொறுமையோடு இருந்தார். ஒரு கடிதத்துக்கு ஒரு பொருள் காண நாம் ஒரு மணி நேரம் பொறுமையோடு இருக்கலாகாதா?